றாஹிலா மிஸ்ஸின் ஏழாம் வலு

வெள்ளிக்கிழமை காலை நான் விரிவுரைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் துறையின் தொலைபேசிக் குழுவில் செய்தி வந்தது. வழமையான அறபு வரிக்குப் பிறகு, கிண்ணியாவைச் சேர்ந்த கலாநிதி றாஹிலா வபாத்தாகிவிட்டார், ஜனாஸா நல்லடக்கம் இன்று ஜும்ஆத் தொழுகையின் பின் என்று இருந்தது. அனுப்பிய இலக்கம் எனக்குத் தெரியாத ஒன்று. நான் நம்பவில்லை. யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காமல் எதையும் ஏற்றுக்கொள்ளாத ஒருவரோடு பல ஆண்டுகள் வேலை செய்தால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். அவருடைய கணவர் மஃறூப் நாநாவுக்கு அழைப்பு எடுத்தேன்.

"மெய்தான் சிவா சேர்," என்றார். "சுபஹுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி. வருவீங்கதானே?"

லிங்கநகரிலிருந்து சீனக்குடா, வெள்ளைமணல் வழியாக மோட்டார் சைக்கிளில் போய்க் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தேன். மையவாடியில் அடக்கம் நடக்கும்போது எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர், "வெள்ளை மனசு சேர் அவங்களுக்கு. ஆரையும் சந்தேகிக்கத் தெரியாது," என்றார். அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் அவர் றாஹிலா மிஸ்ஸோடு ஐந்து நிமிடம்கூடக் கதைத்திருக்க மாட்டார் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

அவரை அறிந்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நினைவஞ்சலி என்றாலே அவருக்குப் பிடிக்காது. பல்கலைக்கழகத்தில் ஒரு மூத்தவர் காலமானபோது வெளிவந்த மலரை வாசித்துவிட்டு, "செத்தவங்க ஒருத்தரும் உயிரோட இருக்கக்குள்ள ஒரு பிழையும் செய்யல்ல போல," என்று சொல்லி மேசையில் வைத்தவர் அவர். ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். எனக்குத் தெரியாத இடங்களில் தெரியாது என்றே சொல்கிறேன்.

நிலாவெளி வீதியில் இருக்கும் எங்கள் வளாகத்துக்கு நான் வந்த புதிதில் ஒரு சிறு உரை நிகழ்த்தினேன். கணினிதான் என் துறை. கடலோடு சேர்ந்த தம்பலகாமக் களப்பில் பல இடங்களில் நீரின் ஆழத்தையும் உப்பையும் அளந்திருந்தோம். ஆழத்துக்கு ஓர் எல்லை வைத்து, அந்த எல்லையை மெல்லக் கூட்டிக்கொண்டு போனால், அதற்குள் அடங்கும் இடங்கள் முதலில் சின்னத் திட்டுகளாகத் தோன்றும். பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் ஓட்டைகளை உண்டாக்கும். இன்னும் கூட்டினால் அந்த ஓட்டைகளும் அடைபட்டுப் போகும். ஓர் ஓட்டை எப்போது பிறந்து எப்போது மறைகிறது என்பதை ஒரு கோடாகக் கீறலாம். நீண்ட கோடு என்றால் அது களப்பின் உண்மையான அமைப்பு. குட்டைக் கோடு என்றால் பெரும்பாலும் அளவீட்டுப் பிழை. எல்லாக் கோடுகளையும் சேர்த்து வைத்தால் கடைச் சாமான்களில் இருக்கும் பட்டைக்கோடு போல ஒரு படம் வரும். இடத்தியல் என்ற கணிதக் கிளையில் இதற்கு நிலைப்பு என்று பெயர்.

படம் வடிவாக வந்திருந்தது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். பின்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"சேர், உப்பை என்ன செய்தீங்க?"

"அதை ஒரு மட்டத்தில நிப்பாட்டி வச்சிருக்கிறன் மிஸ்."

"எந்த மட்டத்தில?"

"நடுத்தரமா ஒண்டு."

"வேற மட்டத்தில நிப்பாட்டினா இந்தக் கோடுகள் இப்படியே இருக்குமா?"

"அது பாக்கேல்ல."

"அப்ப இந்தப் படம் களப்பைப் பத்தினதா, உங்களைப் பத்தினதா?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே பதிலை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. அன்று பின்னேரம் என் அறைக்கு வந்து, வாசலில் நின்றபடியே, "நான் அட்சரகணிதக்காரி, எக்ஸ் வை கணக்கு. எனக்கு உங்கட களப்புத் தெரியாது. ஆனா ரெண்டு எல்லையையும் ஒரே நேரத்தில கூட்டினா என்ன நடக்கும் எண்டு எனக்குக் கொஞ்சம் தெரியும். கதைப்பமா?" என்றார்.

அப்படித்தான் எங்கள் வேலை தொடங்கியது. ஆழம், உப்பு என்று இரண்டு எல்லைகளையும் சேர்த்து நகர்த்தினால் அந்த அழகான பட்டைக்கோடு உடைந்துவிடும். ஓர் ஓட்டைக்கு ஒரு பிறப்பு, ஓர் இறப்பு என்று சொல்ல ஏலாது. நான் இதை ஒரு தடையாகக் கண்டேன். அவர் அப்படிக் காணவில்லை. "ஒண்டு எப்ப சாகும் எண்டு கேக்காதீங்க," என்றார். "எந்தப் பக்கத்தால போனாச் சாகும் எண்டு கேளுங்க." ஆழத்தைக் கூட்டினால் சாகும், ஆனால் உப்பை எவ்வளவு கூட்டினாலும் சாகாத ஓட்டை ஒரு வகை. அதற்கு நேர்மாறானது இன்னொரு வகை. எந்தப் பக்கம் போனாலும் சாகிறவை உண்டு. எந்தப் பக்கத்தாலும் சாகாதவையும் உண்டு. இந்த நான்கையும் பிரித்தெடுக்கும் கருவி அவருடைய துறையில் நூறு ஆண்டுகளாக இருந்தது. முதன்மைக் கூறாக்கம் என்பது அதன் பெயர்.

எனக்கு அவர் அதை விளக்கிய விதத்தை இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு நடந்தது முழுவதும் அதில்தான் தங்கியிருக்கிறது. பன்னிரண்டை நான்கு தரம் மூன்று என்று பிரிக்கலாம். பகா எண்களின் வலுக்களாக, அதாவது அடுக்குகளாக, பிரிக்க வேறு வழி இல்லை. பல்லுறுப்பிகளின் கூட்டங்களையும் இதைப் போலத் துண்டுகளாகப் பிரிக்கலாம். ஆனால் அங்கே இரண்டு விதமான துண்டுகள் வரும். வெளியே தெரிகிற துண்டுகள் எவர் பிரித்தாலும் ஒன்றாகவே இருக்கும். இன்னொரு துண்டுக்கு உள்ளேயே ஒளிந்திருக்கிற துண்டுகள் அப்படியில்லை.

அவர் வெண்பலகையில் ஒரு கோட்டைக் கீறினார். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தார். "எக்ஸின் வர்க்கம், எக்ஸ் தர வை. இந்த ரெண்டும் சேர்ந்த கூட்டத்தைப் பிரிச்சா இந்தக் கோடு வரும். இந்தப் புள்ளியும் வரும். புள்ளி கோட்டுக்குள்ள இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. அது இருக்கிறது நிச்சயம். எங்க இருக்கு எண்டதும் நிச்சயம். ஆனா அது எவ்வளவு தடிப்பம் எண்டது நிச்சயமில்ல. வையின்ட முதலாம் வலுவைப் போடலாம், நூறாம் வலுவைப் போடலாம். கோட்டோட சேத்துப் பாத்தா எல்லாம் ஒரே விடைதான்."

"அப்ப எதைப் போடுறது?"

"நமக்கு விருப்பமானதை. அதுதான் எனக்குப் பிடிக்காத இடம் சேர். நம்மட விருப்பம் உள்ளுக்கு வாற இடத்தையெல்லாம் நான் சந்தேகிப்பன்."

அவர் ஒரு கணித நிறுவலை மேலிருந்து வாசிக்கத் தொடங்குவதில்லை. முதலில் முழுவதையும் புரட்டி, 'தெளிவாக', 'எளிதில் காணலாம்' என்று எழுதியிருக்கும் இடங்களையெல்லாம் சிவப்புப் பேனையால் வட்டமிடுவார். பிறகு அந்த வட்டங்களை மட்டும் பார்ப்பார். "பிழை எப்பவும் மரியாதையான இடத்திலதான் இருக்கும்," என்பார். என்னுடைய முதல் வரைவு அவருடைய மேசையிலிருந்து திரும்பி வந்தபோது அம்மை போட்டது போல இருந்தது.

மனிதர்களிடமும் அவர் அப்படித்தான். அறைக் கதவைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு, சில அடி போன பின் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பார். தன் கணினியின் கடவுச்சொல்லைத் துறையின் செயலாளருக்குக்கூடச் சொன்னதில்லை. மாணவர் ஒருவர் அதிக புள்ளி எடுத்தால் அதே கேள்வியை வேறு எழுத்துகளில் எழுதி வாய்மொழியாகக் கேட்பார். சரியாகச் சொல்லிவிட்டால் மட்டும் முகம் கொஞ்சம் இளகும். அவருடைய வகுப்பில் தேறியவர்கள் பின்னாளில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். அப்போது யாரும் பெருமைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

களப்பு போதாது, இன்னும் ஆழமான ஓர் உதாரணம் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. உட்துறைமுகத்தின் ஆழ அளவுகளைக் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு இருவருமாகப் போனோம். அங்கிருந்த அதிகாரி எங்கள் இருவரையும் கதிரையில் இருத்தித் தேநீர் தந்தார். பிறகு கேள்விகள் தொடங்கின. ஆழம் எதற்கு? ஓட்டை என்றால் என்ன ஓட்டை? இந்தப் படத்தை யாருக்குக் காட்டுவீர்கள்? வெளிநாட்டில் யாரோடு தொடர்பு? நான் எவ்வளவு விளக்கினேனோ அவ்வளவுக்கு அவர் முகம் இறுகியது. 'துறைமுகத்தின் அடியில் ஒளிந்திருக்கும் துண்டுகள்' என்று நான் ஒரு தரம் சொல்லிவிட்டேன். அத்தோடு எல்லாம் முடிந்தது. அளவுகள் கிடைக்கவில்லை.

வெளியே வந்ததும் நான் எரிச்சலோடு, "எங்களைப் பாத்தா என்ன உளவாளி மாதிரியா இருக்கு?" என்றேன்.

"அவர் கேட்டது எல்லாம் சரியான கேள்வி," என்றார் மிஸ். "இதை எதுக்குச் செய்யிறீங்க, ஆருக்குக் காட்டப் போறீங்க எண்டு நீங்க என்னட்ட ஒரு நாளும் கேக்கல்லையே. அதுதான் எனக்குப் புதினமா இருக்கு."

அவர் பகிடியாகச் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. நாங்கள் களப்போடு நின்றுகொண்டோம்.

மூன்று நான்கு ஆண்டுகளில் ஒரு முடிவு கைக்கு வந்தது. அளவீட்டில் சிறு பிழை இருந்தால் கூறாக்கத்தின் எந்தத் துண்டு அசையும், எது அசையாது என்பதைச் சொல்லும் தேற்றம் அது. தேற்றத்தின் இதயம் அவருடையது. கணக்கிடும் நிரல் என்னுடையது. வெளியில் அனுப்புவதற்கு முன் அவர் மூன்று பேரிடம் வரைவைத் தந்தார். ஒருவர் நான். ஒருவர் கண்டியில் இருந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். மற்றவர் வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த அவருடைய பழைய மாணவி. அந்த ஆண்டு அவர் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். இந்தத் தேற்றத்தை நம்பித்தான் விண்ணப்பித்தார் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும்.

சில மாதங்களின் பின் ஒரு திங்கட்கிழமை என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார். நான் உள்ளே போனதும் எழுந்து கதவைச் சாத்தினார். மேசையில் அச்சிட்ட ஒரு கட்டுரை கிடந்தது. எங்கள் இருவருக்கும் முன்பின் தெரியாத ஒரு வெளிநாட்டு ஆய்வாளர் இணையத்தில் வெளியிட்டிருந்தார். தலைப்பைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் தேற்றம்.

"நாலாம் பக்கத்தைப் பாருங்க."

பார்த்தேன். அந்தக் கோடும் புள்ளியும். பாடப்புத்தகங்களில் எல்லோரும் காட்டும் அதே உதாரணம். ஒளிந்திருக்கும் புள்ளிக்கு அவர் வையின் ஏழாம் வலுவைப் போட்டிருந்தார்.

"சாதாரணமா எல்லாரும் ஒண்டைப் போடுவாங்க. இல்லாட்டி ரெண்டு," என்றார் மிஸ். "நான் பேராசிரியருக்குக் குடுத்த வரைவில நாலு போட்டிருந்தன். வெளிநாட்டில இருக்கிற பிள்ளைக்கு அனுப்பினதில ஒம்பது. உங்களுக்குத் தந்ததில ஏழு."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும் காது சூடாகிவிட்டது. எந்த எண்ணைப் போட்டாலும் கணிதத்தில் ஒரு மாற்றமும் வராத இடம் அது ஒன்றுதான். அந்த இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் அடையாளம் வைத்துத்தான் எங்களுக்கு வரைவைத் தந்திருந்தார்.

"நீங்கள் எங்களுக்குப் பொறி வச்சனீங்களா மிஸ்?"

"ஓம்."

"நான் ஒருவருக்கும் குடுக்கேல்ல."

"இருக்கலாம்," என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. "ஆனா ஏழு உங்கட."

அதன் பிறகு அவர் என்னோடு வேலை செய்யவில்லை. நடைபாதையில் கண்டால் தலையசைப்பார். அவ்வளவுதான். அவர் யாரிடமும் ஒரு சொல் சொல்லவில்லை. ஆனாலும் வளாகம் சிறியது. தேநீர் அறையில் நான் நுழைந்தால் கதை நின்றுவிடும். நானும் சும்மா இருக்கவில்லை. என் கணினியை யார் யார் தொட்டார்கள் என்று யோசித்தேன். நிரலைச் சரிபார்க்க உதவிய இருவரை நினைத்தேன். பழைய மாணவி தன்னுடைய ஒன்பதை ஏழாக மாற்றியிருக்கலாமோ என்று நினைத்தேன். கடைசியில் மிஸ்ஸையே நினைத்தேன். பொறியை வைத்தவர் அவர். எந்த எண் யாருக்கு என்று அறிந்தவரும் அவர் மட்டும். கட்டுரை வெளியான பின் 'ஏழு உங்கட' என்று சொல்ல அவருக்கு எது தடை? அந்த நினைப்பு வந்ததும் அது போகவில்லை. ஒரு சந்தேகம் வந்தால் மற்றவைக்கும் கதவு திறந்துவிடுகிறது.

துறைத்தலைவர் வேறு நெருக்கிக்கொண்டிருந்தார். அந்த வெளிநாட்டவர் மேல் முறைப்பாடு எழுதுங்கள், இல்லாவிட்டால் உங்கள் விண்ணப்பம் நிற்காது என்று மிஸ்ஸிடம் சொன்னார். முறைப்பாடு போனால் கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். மூன்று வரைவில் ஒன்றில்தான் ஏழு இருந்தது.

ஒரு நாள் கந்தோரில் ஏதோ படிவத்தில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, அங்கு வேலை செய்யும் பிள்ளை தன் தொலைபேசிக்கு ஒரு புதிய இரகசிய எண் கேட்டு என்னைப் பார்த்தாள். "சேர், சும்மா ஒரு இலக்கம் சொல்லுங்கோ, நான் யோசிச்சா எல்லாம் பிறந்த திகதிதான் வருது." நான் சொன்னேன், "ஏழு." சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

அன்றைக்கே தேநீர் நேரத்தில் ஊழியர் அறைக்குப் போனேன். றாஹிலா மிஸ் யன்னல் பக்கம் தன் குவளையோடு இருந்தார். துறைத்தலைவரும் இன்னும் எட்டுப் பத்துப் பேரும் இருந்தார்கள். நான் சத்தமாகவே கேட்டேன்.

"எல்லாரும் ஒரு நிமிசம். பத்துக்குள்ள ஒரு இலக்கம் நினைச்சுக்கொள்ளுங்கோ. சும்மா, எது எண்டாலும். ஒவ்வொருவரா சொல்லுங்கோ."

"என்ன சேர், லொத்தரா?" என்றார் ஒருவர்.

"சொல்லுங்கோவன்."

ஏழு என்றார் அவர். அடுத்தவர் மூன்று. அடுத்தவர் ஏழு. தேநீர் கொண்டுவந்த செல்வியக்கா தட்டை வைத்துவிட்டு, "எனக்கு ஏழு," என்றார். துறைத்தலைவர் கொஞ்சம் யோசித்து, எட்டு என்று சொல்ல வந்து, "இல்ல, முதல் வந்தது ஏழுதான்," என்றார். அறையில் பாதிப் பேர் ஏழு. அவர்களுக்கு இது எதற்கு என்று தெரியாது. சிரித்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. குவளையைக் கீழே வைத்துவிட்டார்.

நான் அவரிடம் போனேன். "அந்த மனிசன் எந்த வலுவும் போடலாம் எண்டு காட்ட விரும்பியிருக்கிறார். அதால சும்மா ஒரு எண்ணைப் போட்டிருக்கிறார். நீங்கள் எனக்கு ஏன் மிஸ் ஏழு போட்டனீங்கள்?"

"முதல்ல மனசில வந்தது," என்றார். "முதல் எழுதினது உங்கட வரைவைத்தான்."

பிறகு எழுந்தார். "என்ட பொறி போதாது சேர். நான் என்ட விருப்பத்தை ஒரு சாட்சியா எடுத்திட்டன்." அவ்வளவுதான். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. உங்களை நம்புகிறேன் என்றும் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத விருப்பம், ஆனால் எதிர்பார்த்தேன்.

அடுத்த வாரங்களில் அவர் அந்த வெளிநாட்டுக் கட்டுரையை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். தேற்றத்தை அல்ல, நிறுவலை. ஒரு நாள் என் அறைக்கு வந்து, முன்பு போல வாசலிலேயே நின்றார்.

"அவர் வேற பாதையால வந்திருக்கார். நம்மட பாதையை விட நீளம். நடுவில ரெண்டு இடத்தில வழி தெரியாம நிண்டு, சுத்திப் போயிருக்கார். எடுத்தவர் எண்டா இவ்வளவு கஷ்டப்பட மாட்டார்."

"அப்ப அவர் எடுக்கேல்ல எண்டு சொல்லுறீங்களோ?"

"அப்படிச் சொல்லல்ல. எடுத்தார் எண்டு சொல்ல எனக்கு ஒண்டுமில்ல எண்டு சொல்றன்."

"துறைத்தலைவர் முறைப்பாடு கேக்கிறார்."

அப்போது அவர் சொன்னதை நான் சொல்லுக்குச் சொல் நினைவில் வைத்திருக்கிறேன். "சந்தேகம் வேற, குற்றச்சாட்டு வேற சேர். சந்தேகத்தை என்ட வீட்டுக்குள்ள வச்சிருக்கலாம். அது என்னைத்தான் தின்னும். குற்றச்சாட்டு ரோட்டுக்கு இறங்கினா வேற ஆரையாவது தின்னும்."

அவர் முறைப்பாடு எழுதவில்லை. எங்கள் கட்டுரையிலிருந்து அந்தத் தேற்றத்தை எடுத்துவிட்டு, வெளிநாட்டவரின் பெயரைக் குறிப்பிட்டு, அவர் தொடாத ஒரு சிறு பகுதியை மட்டும் விரித்து எழுதினோம். அது வெளிவந்தபோது பழைய வரைவில் பாதியும் இல்லை. பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அந்த முடிவு வந்த நாளில் நான் அவர் அறைக்குப் போனேன். அவர் அடுத்த நாள் விரிவுரைக்கான கேள்விகளை எழுதிக்கொண்டிருந்தார். நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். "இருங்க," என்று கதிரையைக் காட்டினார். "இந்தக் கேள்வி லேசா, கஷ்டமா எண்டு செய்து பாத்துச் சொல்லுங்க." செய்து பார்த்தேன். கஷ்டமாக இருந்தது. "நல்லம்," என்று அதை வினாத்தாளில் சேர்த்தார். பதவியைப் பற்றி அன்றும் பிறகும் அவர் கதைக்கவில்லை. ஆனால் வீட்டில் கதைத்திருக்கிறார். ஜனாஸா முடிந்த பின் மஃறூப் நாநா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்குபவர் அவர். குறைவாகக் கதைப்பவர். "ஒரு கிழமை முழுக்க சோறு தின்னல்ல சேர்," என்றார். "நான் சொன்னன், எழுதிப் போடுங்க, உங்கட பக்கம் நியாயம் இருக்கு எண்டு. அவ சொன்னா, நியாயம் இருக்கு எண்டு நினைக்கிற நேரம்தான் கவனமா இருக்க வேணும் எண்டு. எனக்கு அது விளங்கல்ல. இப்பவும் விளங்கல்ல."

எனக்கும் முழுவதும் விளங்கிவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அந்த வெளிநாட்டவருக்கு எங்கள் வரைவு போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஊழியர் அறையில் பாதிப் பேர் ஏழு சொன்னார்கள். மற்றப் பாதிப் பேர் சொல்லவில்லை. நான் அவரோடு வேலை செய்து பழகியவன் என்பதால் இதையும் எழுதிவைக்கிறேன்.

அவருக்கு நோய் இருப்பது எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. விரிவுரைகளைக் குறைத்தபோது, வீட்டில் வேலை என்றார். பிறகு கிண்ணியாவுக்குப் போய்ப் பார்த்தபோது முற்றத்தில் நிழலில் கதிரை போட்டு இருந்தார். மெலிந்திருந்தார். இரண்டு வைத்தியர்கள் ஒரே மருந்தைச் சொல்லியும், மூன்றாமவரிடம் போய், முதல் இருவரும் ஒரே இடத்தில் படித்தவர்களா என்று விசாரித்ததாக மஃறூப் நாநா சிரித்துக்கொண்டு சொன்னார். "படிச்சவங்கதான்," என்றார் மிஸ், சிரிக்காமல். "அப்ப அது ரெண்டு சாட்சியில்ல, ஒண்டு."

அந்த நாட்களில் அவர் ஒரு புதிய நிறுவல் எழுதிக்கொண்டிருந்தார். எல்லைகளைப் படிப்படியாகக் கூட்டாமல், இடைவெளியே இல்லாமல் தொடர்ச்சியாகக் கூட்டினால் கூறாக்கம் நிற்குமா என்ற கேள்வி. படிகள் இருக்கும்போது துண்டுகள் எண்ணிக்கையில் அடங்கும். தொடர்ச்சியாகப் போனால் அடங்காமல் போகலாம். பழைய கருவிகள் பல அங்கே வேலை செய்யாது. ஆறேழு பக்கங்கள்தான். நான் கடைசியாகப் போனபோது அதை என் கையில் தந்தார்.

"நீங்க பாத்தாப் போதும்," என்றார். "நான் திரும்பப் பாக்கல்ல."

பாலத்தைக் கடந்து வரும்போது அந்த வசனம் என்னை விடவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவர் எவரிடமும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அவர் இறக்கப் போகிறார் என்று அதற்கு முன் வைத்தியர்கள் சொன்னபோதுகூட நான் நம்பியிருக்கவில்லை. பாலத்தில் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து வாசித்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு பிழை இருந்தது. முடிவில்லாத பல துண்டுகளின் பொதுப்பகுதியை, நான்கைந்து துண்டுகளின் பொதுப்பகுதியைப் போல நடத்தியிருந்தார். அந்தக் கட்டுரையின் முழுக் கவனமும் எதைத் தவிர்ப்பதில் இருந்ததோ, அதையே அந்த ஓர் இடத்தில் செய்திருந்தார். முதலாண்டு மாணவர் எழுதியிருந்தால் தாளைக் கிழித்திருப்பார். நான் நாலு தரம் பார்த்தேன். பிழைதான்.

அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு அழைப்பு எடுத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

"மிஸ், மூண்டாம் பக்கம்."

மறுபக்கத்தில் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது மிகக் குறைவு. மெலிந்த, களைத்த சிரிப்பு.

"பாத்தீங்களா?" என்றார்.

"வேணுமெண்டே விட்டனீங்களா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

பிறகு மஃறூப் நாநா வந்து தொலைபேசியை வாங்கி, அவருக்குக் களைப்பு, பிறகு கதையுங்கள் என்றார். பிறகு கதைக்கக் கிடைக்கவில்லை. அதன் பின் வந்த வெள்ளிக்கிழமைதான் அந்தச் செய்தி.

நோயின் களைப்பில் அவருக்குத் தெரியாமலே அந்தப் பிழை நுழைந்திருக்கலாம். அப்படியானால், என்னை நம்பித்தான் அதைத் தந்தார், நான் கண்டுபிடித்ததில் அவருக்கு உண்மையான சந்தோசம். அல்லது, நம்புகிறேன் என்று ஒருவர் சொன்னதும் நான் பார்ப்பதை நிறுத்திவிடுகிறேனா என்று அறிய வேண்டுமென்றே விட்டிருக்கலாம். அப்படியானால் அது கடைசிப் பரீட்சை. இரண்டுக்கும் அந்தச் சிரிப்புப் பொருந்துகிறது. பல நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். எந்தப் பக்கத்துக்கும் போதிய சாட்சி என்னிடம் இல்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த மூன்றாம் பக்கத்தைத்தான். அங்கே இருக்கும் இடைவெளியை நிரப்ப எனக்கு இன்னும் வழி தெரியவில்லை. நிரப்பவே ஏலாததாகவும் இருக்கலாம். நம்பித் தந்தாரா, நம்பாமல் தந்தாரா என்று நான் கேட்பதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் எது உண்மையானாலும் அவர் என்னிடம் எதிர்பார்த்தது ஒன்றுதான்: திரும்பப் பார்ப்பது. அதை இன்று காலையும் ஒரு மணித்தியாலம் செய்தேன்.